உங்கள் டிரம்முக்கு எந்த ஊர்? அமெரிக்காவில் குறைநிலைக் கதிரியக்கக் கழிவை அனுப்பப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலோ மருத்துவமனையிலோ கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே உங்களை அடித்தளத்தில் இருக்கும் ஒரு பூட்டிய அறைக்கு அழைத்துப் போவார்கள். உள்ளே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 55 கேலன் டிரம்கள் வரிசையாக நிற்கும். கையுறை, டிஷ்யூ தாள், பிப்பெட் முனை, உடைந்த குப்பி என்று லேபில் கதிரியக்கப் பொருளோடு உறவாடிய எல்லாம் அதற்குள் கிடக்கும். "இதையெல்லாம் எங்கே அனுப்புவது?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அரைவாழ்வு, க்யூரி, காமா என்று இயற்பியலில் பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். எனக்குக் கிடைத்த பதில், "முதலில் நாம் எந்த காம்பாக்ட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்."

காம்பாக்ட் என்பது மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்டு, நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதலும் பெற்ற வட்டார ஒப்பந்தம். உங்கள் டிரம் எந்தக் குழிக்குப் போகலாம், எந்த வாசலில் திருப்பி அனுப்பப்படும் என்பதை அதற்குள் இருக்கும் பொருளோடு சேர்ந்து இந்த ஒப்பந்தமும் முடிவு செய்கிறது. பல சமயம் பொருளை விட ஒப்பந்தத்துக்கே செல்வாக்கு அதிகம்.

முதல் வேலை: "குறைநிலை" என்ற சொல்லை நம்பாதீர்கள்

சட்டம் குறைநிலைக் கழிவை நேராக வரையறுக்கவில்லை. எதெல்லாம் அது இல்லை என்று சொல்லி வரையறுக்கிறது. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் இதில் சேராது. அதை மறுசுழற்சி செய்யும்போது வரும் உயர்நிலைக் கழிவும், யுரேனியம் ஆலைச் சக்கையும் சேராது. மிச்சமுள்ளது ஏறக்குறைய எல்லாமே "குறைநிலை". அதனால் உங்கள் லேபின் கையுறையும் அணு உலைக்குள் பல வருடம் கிடந்த உலோகத் துண்டும் ஒரே பெயரில் வரும். கையுறையைத் தயங்காமல் தூக்கலாம். அந்த உலோகத் துண்டை கனத்த ஈயக் கவசம் இல்லாமல் நெருங்கவே கூடாது. பெயரைப் பார்த்து அசட்டையாக இருக்கவும் வேண்டாம், கையுறை மூட்டையைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம்.

இந்த ஒப்பந்தங்கள் எங்கிருந்து வந்தன

இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். கதை தெரியாவிட்டால் பிறகு வரும் விதிகள் எல்லாம் யாரோ வேண்டுமென்றே போட்ட முள்வேலி போலத் தெரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1971-க்குள் அமெரிக்காவில் ஆறு வணிகப் புதைதளங்கள் திறந்திருந்தன. கென்டக்கியின் மேக்ஸி ஃப்ளாட்ஸ், நியூயார்க்கின் வெஸ்ட் வேலி, இல்லினாயின் ஷெஃபீல்ட் மூன்றும் 1978-க்குள் மூடப்பட்டன. மேக்ஸி ஃப்ளாட்ஸில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். களிமண் பாறையில் அகழி வெட்டி, கழிவைக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். மழை பெய்தபோது மூடிய மண் அமிழ்ந்து, தண்ணீர் உள்ளே இறங்கியது. கீழே களிமண் இருந்ததால் வெளியேற வழியில்லை. அகழி குளியல் தொட்டி மாதிரி நிரம்பி நின்றது. இந்தத் துறையில் இன்றும் அதைத் "தொட்டி விளைவு" என்றே சொல்கிறார்கள்.

எஞ்சியவை தென் கரோலினாவின் பார்ன்வெல், நெவாடாவின் பீட்டி, வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாண்ட். நாட்டின் மொத்தக் கழிவும் இந்த மூன்று ஊர்களுக்கு லாரியில் வந்து இறங்கியது. 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. அந்த உலையின் கழிவை வாங்க தென் கரோலினா மறுத்தது. அதே வருடம், ஒழுகும் டிரம்களும் ஒழுங்காகக் கட்டாத சுமைகளும் வருவதைக் கண்டு நெவாடாவும் வாஷிங்டனும் தங்கள் வாசலைத் தற்காலிகமாக அடைத்தன. வாஷிங்டனை அடைத்த ஆளுநர் டிக்ஸி லீ ரே, அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர், அணுசக்தியைத் தீவிரமாக ஆதரித்தவர். அவரே கதவைச் சாத்தியபோதுதான் மற்ற மாநிலங்களுக்கு உறைத்தது. தென் கரோலினா ஆளுநர் ரிச்சர்ட் ரைலி, பார்ன்வெல்லுக்கு வரும் அளவைப் பாதியாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். நாடு முழுக்க மருத்துவமனைகளில் கழிவு தேங்கத் தொடங்கியது.

மூன்று மாநிலங்களும் கேட்டது ஒன்றுதான்: "எல்லார் வீட்டுக் குப்பைக்கும் நாங்கள் மட்டுமா?" காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. அங்கே தண்ணீரை விடு என்று சண்டை, இங்கே குப்பையைக் கொண்டு வராதே என்று சண்டை.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. வெளிமாநிலக் குப்பையைத் தடுக்க நியூ ஜெர்சி போட்ட சட்டத்தை 1978-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியிருந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தனி மாநிலம் தடுக்க முடியாது. காங்கிரஸ் அனுமதித்தால் மட்டும் முடியும். 1980-இல் வந்த குறைநிலைக் கதிரியக்கக் கழிவுக் கொள்கைச் சட்டம் அந்த அனுமதியைத் தந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் கழிவுக்குத் தானே பொறுப்பு, சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் வெளியாரின் கழிவை மறுக்கலாம். குழிக்கு வேலி போடும் உரிமைதான் காம்பாக்ட்டின் உயிர்நாடி. இதை மறக்காதீர்கள், கீழே வரும் எல்லா நடைமுறையும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

1985-இல் சட்டத்தைத் திருத்தி, புதிய தளம் கட்டக் கெடு வைத்தார்கள். கெடு வரை பழைய தளங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் கூடுதல் கட்டணம் உண்டு: முதலில் கன அடிக்கு 10 டாலர், பிறகு 20, 1990 முதல் 40. கடைசிச் சாட்டை கடுமையானது. 1996-க்குள் ஏற்பாடு செய்யாத மாநிலம், தன் எல்லைக்குள் உருவாகும் கழிவுக்குத் தானே உரிமையாளர் ஆக வேண்டும் என்றது. நியூயார்க் வழக்குப் போட்டது. 1992-இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மட்டும் வெட்டியது. மத்திய அரசு ஒரு மாநிலத்தைத் தன் ஏவலாள் மாதிரி நடத்த முடியாது என்பது வாதம். கூடுதல் கட்டணமும், வெளியாரை மறுக்கும் உரிமையும் நிலைத்தன.

சாட்டை போனது, வேலி மட்டும் நின்றது. அப்புறம் புதிய தளம் கட்ட யாருக்கு அவசரம்? கலிஃபோர்னியாவின் வார்டு வேலியில் பாலைவன ஆமைக்காகவும் தங்கள் நிலத்துக்காகவும் பழங்குடியினர் போராட, திட்டம் கைவிடப்பட்டது. நெப்ராஸ்காவின் பாய்டு கவுண்டியில் உரிமம் மறுக்கப்பட்டது. மறுத்த விதம் நேர்மையற்றது என்று நீதிமன்றம் சொன்னதால், அந்த மாநிலம் 2004-இல் தன் பழைய கூட்டாளிகளோடு 14.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குழியே வெட்டாமல் கொடுத்த பணம் அது. இந்த ஏற்பாட்டில் பிறந்து உண்மையிலேயே திறக்கப்பட்ட புதிய தளம் டெக்சஸின் ஆண்ட்ரூஸ் கவுண்டியில் இருப்பது ஒன்றுதான். 2012-இல் திறந்தார்கள்.

அடுத்து: உங்கள் மாநிலம் எந்தக் கூட்டில் என்று பாருங்கள்

மொத்தம் பத்து காம்பாக்ட்கள். பெயரை வைத்து வரைபடத்தில் ஊகிக்காதீர்கள், ஏமாந்து போவீர்கள். அட்லாண்டிக் காம்பாக்ட்டில் கனெக்டிகட், நியூ ஜெர்சி, தென் கரோலினா இருக்கின்றன. நடுவில் இத்தனை மாநிலங்கள் இருக்க இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்தன என்றால், தென் கரோலினா தென்கிழக்குக் கூட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறி, 2000-இல் இவர்களோடு கைகோத்தது. டெக்சஸுக்குக் கூட்டாளி தொலைவில் கிடக்கும் வெர்மான்ட். கலிஃபோர்னியாவும் அரிசோனாவும் இருக்கும் தென்மேற்குக் கூட்டில் வட, தென் டகோட்டாக்களும் உண்டு. ஹவாயும் அலாஸ்காவும் வடமேற்கில் வரும். பென்சில்வேனியா, மேரிலாந்து, டெலவேர், மேற்கு வர்ஜீனியா நான்கும் அப்பலாச்சியன்.

எந்தக் கூட்டிலும் சேராதவர்களும் உண்டு: நியூயார்க், மாசசூசெட்ஸ், மிஷிகன், வட கரோலினா, நெப்ராஸ்கா, மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட். மிஷிகன் தானாக வெளியேறவில்லை. தளம் கட்ட வேண்டிய முறை வந்தபோது இழுத்தடித்ததால் 1991-இல் மத்திய மேற்குக் கூட்டு அதை வெளியேற்றியது.

இதனால் உங்களுக்கு என்ன? நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு லேப், ஹட்சன் நதிக்கு அந்தப்பக்கம் மன்ஹாட்டனில் ஒரு லேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே ஐசோடோப்பு, ஒரே அளவு, ஒரே மாதிரி டிரம். நியூ ஜெர்சி டிரம் பார்ன்வெல்லுக்குப் போகலாம். மன்ஹாட்டன் டிரம்முக்கு 2008 ஜூலை 1 முதல் அந்த வாசல் மூடியாயிற்று.

இருப்பது நான்கே வாசல்

பார்ன்வெல் அட்லாண்டிக் கூட்டின் மூன்று மாநிலங்களுக்கு மட்டும். ரிச்லாண்ட் வடமேற்கு, ராக்கி மவுண்டன் கூட்டுகளுக்கு மட்டும். யூட்டாவின் க்ளைவ் நாடு முழுவதிலிருந்தும் வாங்கும், ஆனால் வகை ஏ மட்டும் (வீரியத்தை வைத்து ஏ, பி, சி என்று மூன்று வகை, ஏ மிகக் குறைந்தது; பிரிக்கும் விதம் கீழே வரும்). பி, சி வகைகளை யூட்டா 2005-இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. ஆண்ட்ரூஸ் கவுண்டி டெக்சஸ், வெர்மான்ட் கழிவுக்கானது. வெளியார் கழிவும் போகலாம், ஆனால் அந்தக் கூட்டின் ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2008-இல் பார்ன்வெல் வெளியாருக்கு மூடியதற்கும் 2012-இல் ஆண்ட்ரூஸ் திறந்ததற்கும் இடையில் 36 மாநிலங்களின் பி, சி கழிவுக்கு நாட்டில் இடமே இல்லை. அந்தக் காலத்தில் வேலை பார்த்த மூத்தவர்களிடம் பேசிப் பாருங்கள், எதையும் அவசரப்பட்டு வாங்க விடமாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன்: அனுப்பத் தேவையே இல்லாததைப் பிரியுங்கள்

கட்டணம் கன அளவுக்கும் கதிரியக்க அளவுக்கும் சேர்த்துத்தான். ஒரு டிரம் ஏழரை கன அடி. அதை நிரப்புவது பெரும்பாலும் காற்றும் சோம்பேறித்தனமும்தான்.

குறைந்த அரைவாழ்வு (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) உள்ளதைத் தனியே எடுங்கள். 120 நாளுக்கு உட்பட்ட அரைவாழ்வு என்றால் பூட்டிவைத்துத் தேய விடலாம், உங்கள் உரிமத்தில் அந்த அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாஸ்பரஸ்-32-க்கு 14 நாள், அயோடின்-131-க்கு 8 நாள், அயோடின்-125-க்கு ஏறத்தாழ 60 நாள், கந்தகம்-35-க்கு 87 நாள். சர்வே மீட்டரை வைத்துப் பின்னணி அளவிலிருந்து பிரித்தறிய முடியாத நிலை வந்தால், கதிரியக்கச் சின்னத்தை அழித்துவிட்டுச் சாதாரணக் கழிவாக அனுப்பலாம். அந்தச் சின்னத்தை அழிக்க மறக்கவே மறக்காதீர்கள். மூன்று இலைச் சின்னத்தோடு ஒரு பை ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் போனால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் அன்று மாலை உங்கள் தொலைபேசி ஓயாது.

கதிரியக்கத்தை எண்ணப் பயன்படும் சிண்டிலேஷன் திரவத்தில் டிரிடியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அல்லது கார்பன்-14 கிராமுக்கு 0.05 மைக்ரோக்யூரிக்குள் (க்யூரி கதிரியக்கத்தின் அலகு) இருந்தால், கதிரியக்கம் இல்லாதது போலக் கையாள விதி அனுமதிக்கிறது. ஆனால் அது கரைப்பான், ரசாயனக் கழிவு விதிகள் விடாது. தண்ணீரில் கரையும் சிலவற்றைச் சாக்கடையில் விடவும் வருட வரம்பு உண்டு: டிரிடியம் 5 க்யூரி, கார்பன்-14 1 க்யூரி, மற்ற எல்லாம் சேர்த்து 1 க்யூரி. மாத அடர்த்தி வரம்பும் சேர்ந்தது. உள்ளூர் மாநகராட்சி விதி இதை விடக் கடுமையாக இருக்கலாம்.

டிரிடியமும் கார்பன்-14-உம் காத்திருந்து தீராது. முன்னதற்கு 12 வருடம், பின்னதற்கு 5,700 வருடம். லாரி ஏறுபவை இவைதான்.

வகை பிரித்தல்

அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதித்தொகுப்பில் 61-ஆம் பாகத்தில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, ஒன்று நெடுங்கால ஐசோடோப்புகளுக்கு, மற்றது குறுங்காலத்துக்கு. சீசியம்-137-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 1 க்யூரி வரை வகை ஏ, 44 வரை பி, 4,600 வரை சி. அதைத் தாண்டினால் காம்பாக்ட்டின் பொறுப்பே இல்லை, மத்திய அரசின் தலையில் விழும். பி வகை 300 வருடம் உருக்குலையாமல் இருக்க வேண்டும். சி வகையை மேலிருந்து குறைந்தது 5 மீட்டர் ஆழத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தெரியாமல் தோண்டுபவரை 500 வருடம் தடுக்கும் தடுப்பு வேண்டும். லேப் கழிவு பெரும்பாலும் ஏ-யிலேயே அடங்கிவிடும். பழைய மூடிய மூலம் (உறைக்குள் அடைத்து மூடிய கதிரியக்கப் பொருள்) ஏதாவது அலமாரியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், வகை ஏறுவது அங்கேதான்.

கட்டுவது

விதி சொல்வதை எளிதாகச் சொன்னால், அட்டைப்பெட்டியில் புதைக்க அனுப்பக் கூடாது. திரவம் என்றால் கெட்டியாக்க வேண்டும், அல்லது அதன் இரு மடங்கை உறிஞ்சும் அளவுக்கு உறிஞ்சுபொருள் போட வேண்டும். கெட்டிக் கழிவில் தங்கியிருக்கும் திரவம் கன அளவில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெடிப்பது, தானாகத் தீப்பற்றுவது கூடாது. உயிரியல் கழிவைப் பதப்படுத்தியிருக்க வேண்டும்.

என் முதல் டிரம்மை மூடி, வளையத்தை இறுக்கி, சாய்த்து உருட்டியபோது உள்ளே "களக்" என்றது. யாரோ பாதி நிரம்பிய புட்டியை மூடி தளர்ந்தபடியே கையுறைகளுக்கு நடுவே போட்டிருந்தார்கள். திறந்து, எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அன்று மதியச் சாப்பாடு போனது. அதிலிருந்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் காதோரம் ஆட்டிப் பார்க்கிறேன். கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

திரவம், தண்ணீர் பற்றி ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால் பீட்டியைச் சொல்வேன். 1992-இல் மூடிய தளம் அது. 2015 அக்டோபரில் பெருமழைக்குப் பிறகு, அங்கே பல வருடம் முன் புதைத்த சோடியம் உலோகம் நனைந்து வெடித்தது. பாலைவனத்துக்கு நடுவே, மூடி இருபது வருடம் கழித்து.

காகிதமும் அனுமதியும்

மேனிஃபெஸ்ட் என்னும் சரக்கு ஆவணம் மூன்று படிவங்கள். 540 லாரியோடு போகும் பயணச் சீட்டு. 541-இல் ஒவ்வொரு கொள்கலனின் உள்ளடக்கம், வகை, அளவு. 542-இல் எந்தக் கழிவு எந்த காம்பாக்ட்டில் பிறந்தது என்ற அட்டவணை. புதியவர்கள் 541-ஐ நாலு முறை சரிபார்ப்பார்கள், 542-ஐப் பார்க்கவே மாட்டார்கள். என் கணக்கில் அதுதான் தவறு. இடையில் ஒரு செயலாக்க ஆலைக்குப் போய், எரித்தோ அமுக்கியோ சுருங்கி வந்தாலும், சாம்பலுக்குப் பிறந்த ஊர் உங்கள் ஊர்தான். ஆலை இருக்கும் மாநிலத்தின் பெயரை எழுதினால் வாசலில் நிற்கும்.

சில கூட்டுகளில் உள்ளிருந்து வெளியே அனுப்பவும் அனுமதி வேண்டும். ராக்கி மவுண்டன் அப்படி. டெக்சஸுக்குள் கொண்டுவர ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். க்ளைவுக்கு அனுப்பினாலும் உங்கள் சொந்தக் கூட்டு தடை சொல்லாமல் இருக்க வேண்டும். இந்த ஆணையங்கள் தினமும் கூடுவதில்லை, அதனால் லாரிக்குத் தேதி குறிப்பதற்கு முன் கூட்டத் தேதியைப் பாருங்கள். சின்ன இடமாக இருந்தால் ப்ரோக்கரிடம் கொடுத்துவிடுங்கள், பல இடத்துக் கழிவைச் சேர்த்து அவர் அனுப்புவார். அவர் எழுதியதில் உங்கள் மாநிலப் பெயர் சரியா என்று மட்டும் நீங்களே படித்துப் பாருங்கள்.

லாரி போன பிறகு

கிடைத்தது என்ற ஒப்புதல் உங்களுக்கு வர வேண்டும். 20 நாளுக்குள் வரவில்லை என்றால் தேடத் தொடங்குவது உங்கள் கடமை. தேடி முடித்த இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். நாட்காட்டியில் இருபதாவது நாளை அன்றே வட்டமிடுங்கள்.

எங்கும் போக வழியில்லாதது ஏதாவது மிஞ்சும். மூடிய மூலம் என்றால் முதலில் செய்தவரே திரும்ப வாங்குவாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், லாஸ் அலமோஸ் ஆய்வகம் நடத்தும் மூல மீட்புத் திட்டத்தில் பதிவு செய்யலாம். அதுவரை பூட்டிய அறை, ஆறு மாதத்துக்கு ஒரு கசிவுச் சோதனை, புத்தகத்தில் ஒரு வரி. எங்கள் அறையின் ஒரு மூலையில் அப்படி ஒன்று ஈயப் பானைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நான் சேர்ந்தபோதே அங்கே இருந்தது. சோதனைப் புத்தகத்தில் எனக்கு முன் மூன்று பேரின் கையெழுத்து இருக்கிறது.